முதல் முறை பர்யூஷண் இருப்பவர்களுக்கு: கடைசி மாலையிலிருந்து திட்டமிடுங்கள்

சமணர்களின் எட்டு நாள் நோன்புப் பண்டிகையான பர்யூஷண் என்றதும் பலருக்கும் பட்டினிதான் நினைவுக்கு வரும். எட்டு நாள் வெறும் வெந்நீரில் இருந்தவரை ஊரே பேசும், ஊர்வலமாக அழைத்துப் போகும். இதைப் பார்த்துவிட்டுப் புதிதாக வருகிறவர் முதல் நாளே முழு உபவாசத்தில் இறங்கிவிடுகிறார். மூன்றாம் நாள் தலைசுற்றல், நான்காம் நாள் படுக்கை. எட்டாம் நாள் மாலை, துறவிகள் தங்கும் கூடமான உபாஸ்ரயத்தில் எல்லோரும் மூன்று மணி நேரம் அமர்ந்து, ஓராண்டில் செய்த பிழைகளை ஒவ்வொன்றாகச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் நேரத்தில் அவர் அங்கே இருப்பதில்லை.

அந்த மாலைதான் சம்வத்சரி. முந்தைய ஏழு நாளும் அதற்கான ஆயத்தம், நோன்பும் அந்த ஆயத்தத்தில் ஒரு பகுதி. ஆகவே கடைசி மாலை என்ன கேட்கிறது என்பதை முதலில் பார்த்துவிட்டு, அதற்கு ஏற்றபடி நோன்பையும் சமையலையும் அமைத்துக்கொள்வதே சரியான வரிசை.

ஓராண்டுக் கணக்கு எதற்கு

கோபம், செருக்கு, வஞ்சகம், பேராசை ஆகிய நான்கையும் சமணம் கஷாயம் என்கிறது. உயிரோடு வினையை ஒட்டவைக்கும் பசை இவைதான். எத்தனை காலம் நீடிக்கிறது என்பதை வைத்துக் கோபத்தை நான்கு தரமாகப் பிரிப்பார்கள். நீரில் கிழித்த கோடுபோல் பதினைந்து நாளுக்குள் மறைவது ஒன்று. மணலில் கிழித்த கோடுபோல் நான்கு மாதம் நிற்பது அடுத்தது. காய்ந்த நிலத்தின் வெடிப்புப்போல் ஓராண்டு நிற்பது மூன்றாவது. பாறையின் பிளவுபோல் ஆயுளுக்கும் நிற்பது நான்காவது. அதன் பெயர் அனந்தானுபந்தி, அது இருக்கும் இடத்தில் நற்காட்சி இருக்காது.

செய்த பிழைகளைச் சொல்லி அவற்றிலிருந்து திரும்பும் சடங்கு பிரதிக்ரமணம். அதன் கால அட்டவணையும் இதையே பின்பற்றுகிறது. காலையும் மாலையும் அன்றாடப் பிரதிக்ரமணம் உண்டு. அதோடு பதினைந்து நாளுக்கு ஒருமுறை பக்கி, நான்கு மாதத்துக்கு ஒருமுறை சௌமாசி, ஆண்டுக்கு ஒருமுறை சம்வத்சரி. ஒரு பகையை இந்தச் சம்வத்சரியிலும் விடாமல் அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோனால் அது பாறைப் பிளவாகிறது என்பது பொருள். அதனால்தான் ஆண்டு முழுவதும் கோயில் பக்கம் வராதவர்கள்கூட அன்று மாலை தவறாமல் வந்துவிடுகிறார்கள்.

தேதியை எப்படிக் கணக்கிடுவது

மழைக்காலத்தின் நான்கு மாதமும் துறவிகள் ஊர் ஊராக நடப்பதை நிறுத்தி ஓரிடத்தில் தங்குவார்கள். மழையில் புல்பூண்டும் புழுபூச்சியும் பெருகுவதால், நடந்தால் உயிர்க்கொலை நேரும். மழைக்காலம் தொடங்கி ஒரு மாதமும் இருபது இரவும் கழிந்தபின் மகாவீரர் பர்யூஷண் மேற்கொண்டார் என்கிறது, தீர்த்தங்கரர் வரலாறும் துறவிகளின் விதிகளும் அடங்கிய கல்பசூத்திரம். அந்த ஐம்பதாம் நாளே சம்வத்சரி.

தமிழ் நாட்காட்டி பார்ப்பவர்களுக்கு எளிய அடையாளம் விநாயகர் சதுர்த்தி. சிலை வழிபடும் சுவேதாம்பர மூர்த்திபூஜகர்களுக்கு அந்த வளர்பிறைச் சதுர்த்தியே சம்வத்சரி. 2024இல் செப்டம்பர் 7, 2025இல் ஆகஸ்ட் 27. அதிலிருந்து பின்னோக்கி எட்டு நாள் எண்ணினால் தொடக்க நாள் கிடைக்கும். சிலை வழிபடாத சுவேதாம்பரர்களான ஸ்தானகவாசிகளுக்கும் தேராபந்திகளுக்கும் மறுநாள், பஞ்சமி. சமணத்தின் மற்றொரு பெரும் பிரிவான திகம்பரர்களுக்குப் பஞ்சமியில்தான் தொடக்கம். பத்து நாள் நடந்து, வளர்பிறைப் பதினான்காம் திதியான அனந்த சதுர்த்தசியில் முடியும்.

சதுர்த்தி, பஞ்சமி என்ற வேறுபாட்டுக்கு மரபில் ஒரு காரணம் சொல்வார்கள். கோதாவரிக் கரைப் பிரதிஷ்டானபுரத்தில் பஞ்சமியன்று இந்திர விழா வந்தது. அதனால் சாதவாகன மன்னன், சம்வத்சரியை ஒரு நாள் தள்ளிவைக்கும்படி சமண ஆசாரியரான காலகாசாரியரை வேண்டினான். ஐம்பதாம் நாளைத் தாண்டக் கூடாது, ஆனால் முன்னால் கொண்டுவரலாம் என்று சொல்லி அவர் சதுர்த்தியில் நடத்தினார்.

இங்கே வழக்கமாக நடக்கும் பிழை ஒன்று உண்டு. விநாயகர் சதுர்த்தியை நண்பகலில் நிற்கும் திதியை வைத்துக் குறிக்கிறார்கள், சமணர்கள் சூரிய உதயத்தில் நிற்கும் திதியை எடுத்துக்கொள்கிறார்கள். சில ஆண்டுகளில் இரண்டும் ஒரு நாள் விலகும். மூர்த்திபூஜகர்களுக்குள்ளேயே திதிக் கணக்கில் கருத்து வேறுபாடும் இருக்கிறது. விடுப்பு எழுதிக்கொடுக்கும் முன் நீங்கள் போகப்போகும் உபாஸ்ரயத்தின் அறிவிப்புப் பலகையைப் பார்த்துவிடுங்கள்.

எட்டு நாளில் குஜராத்தின் பாலிதானாவுக்குப் போய் சத்ருஞ்ஜய மலை ஏறலாம் என்று பயணச்சீட்டு எடுப்பவர்களும் உண்டு. மழைக்கால நான்கு மாதத்தில் அந்த மலையில் யாத்திரை ஏறும் வழக்கம் இல்லை. சென்னையில் இருப்பவர்களுக்குச் சௌகார்பேட்டை, வேப்பேரி, புரசைவாக்கம் பகுதிகளில் நடந்து போகும் தூரத்திலேயே உபாஸ்ரயங்கள் இருக்கின்றன.

கடைசி மாலை: சம்வத்சரி பிரதிக்ரமணம்

பல இடங்களில் பிற்பகல் மூன்று, நான்கு மணிக்கே தொடங்கிவிடும். மூன்று மணி நேரம் ஆகும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம். சாதுவை (ஆண் துறவி) பெண்களும், சாத்வியை (பெண் துறவி) ஆண்களும் தொடக் கூடாது. விரிப்பின் ஓரம்கூட அவர்கள் இருக்கையில் படாமல் அமர வேண்டும். முதலில் "மத்தேண வந்தாமி" என்று கைகூப்பி வணங்கினால் போதும்.

மூன்று பொருள்கள் வேண்டும். முதலாவது கடாசணு, வெள்ளைக் கம்பளி விரிப்பு. பருத்தித் துண்டு இதற்கு ஆகாது. அடுத்தது முஹபத்தி, வாய்க்கு முன் பிடிக்கும் வெள்ளைத் துணி. ஒரு சாணும் நான்கு விரலும் கொண்ட சதுரம். மூர்த்திபூஜகர்கள் அதை மடித்துக் கையில் வைத்திருப்பார்கள், ஸ்தானகவாசிகளும் தேராபந்திகளும் நூலால் வாயில் கட்டிக்கொள்வார்கள். மூன்றாவது சரவளா, இருக்கும் இடத்தை மெல்லப் பெருக்கிவிட்டு அமர்வதற்கான கம்பளி இழைத் துடைப்பம். தண்டு 24 விரல், இழை 8 விரல். மூர்த்திபூஜக மரபில் சரவளா கையில் இருப்பவர்தான் இடையிடையே எழுந்து நிற்கலாம், இல்லாதவர் உட்கார்ந்தபடியே செய்ய வேண்டும். எல்லாமே உபாஸ்ரயத்தில் இரவல் கிடைக்கும், ஆனால் அன்று கூட்டம் நெரியும். இரண்டு நாள் முன்பே சொல்லி வையுங்கள்.

உடை வெள்ளையாக, தளர்வாக இருக்கட்டும். தோல் பெல்ட், தோல் பர்ஸ் வேண்டாம். கைப்பேசியை அணைத்து வீட்டிலேயே வைத்துவிட்டு வருவது நல்லது. ஒலி மட்டுமல்ல, ஒளியும் இங்கே சிக்கல். நெருப்பிலும் மின்னொளியிலும் உயிர் இருப்பதாகக் கொள்வதால், பிரதிக்ரமணத்தில் இருப்பவர் மேல் அந்த வெளிச்சம் படுவதே குற்றமாக எண்ணப்படுகிறது. இருட்டத் தொடங்கியதும் புத்தகம் படிக்க யாராவது கைப்பேசி விளக்கைப் போட்டால் சுற்றியிருப்பவர்கள் பதறுவது இதனால்தான். கையில் வைத்திருக்கும் புத்தகத்தை வெளிச்சம் இருக்கும்போதே முன்கூட்டிப் புரட்டிவிடுங்கள்.

சடங்கு ஆறு கடமைகளால் ஆனது: சமநிலையில் அமர்தல், இருபத்துநான்கு தீர்த்தங்கரர் துதி, குரு வணக்கம், பிழைகளிலிருந்து திரும்புதல், உடலை மறந்து நிற்கும் காவுசக்கம், உறுதிமொழி. சூத்திரங்கள் பிராகிருதத்திலும் சம்ஸ்கிருதத்திலும் இருக்கும். அதிசார் எனப்படும் 124 பிழைகளின் பட்டியலைக் குஜராத்தியில் ஒருவர் வாசிக்க, ஒவ்வொரு பகுதி முடிவிலும் எல்லோரும் "மிச்சாமி துக்கடம்" என்பார்கள். நான் செய்த தீமை பயனற்றுப் போகட்டும் என்பது பொருள். நீரை வடிகட்டாமல் பயன்படுத்தியது, வேலையாளுக்கு நேரத்தில் சோறு போடாதது, எடையில் குறைத்தது என்று பட்டியல் அன்றாட வாழ்க்கைக்குள் நுழைந்துவிடும். மொழி தெரியாமல் உட்கார்ந்தால் இந்தப் பகுதி வெறும் ஓசையாகப் போய்விடும். சூத்திரம் முழுவதையும் மனப்பாடம் செய்யப் பார்க்காமல், பொருளுரையோடு கூடிய புத்தகம் வாங்கி அதிசாரை மட்டும் முன்கூட்டிப் படித்துவிடுங்கள். எட்டு நாளில் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள தயாரிப்பு இதுதான்.

புதியவர்கள் திணறும் இடம் காவுசக்கம். சம்வத்சரிக்கு 40 லோகஸ்ஸ சூத்திரமும் (தீர்த்தங்கரர் துதி) ஒரு நவகாரும் (சமணரின் முதன்மை வணக்க மந்திரம்) மனத்துக்குள் சொல்ல வேண்டும். ஒரு லோகஸ்ஸவுக்கு 25 மூச்சு, நவகாருக்கு 8, ஆக 1008 மூச்சு. லோகஸ்ஸ தெரியாதவர்களுக்கு 160 நவகார். உதடு அசையக் கூடாது, விரல் மடக்கி வெளிப்படையாக எண்ணக் கூடாது. எண்ணிக்கை தவறுவது சாதாரணம். பத்துப் பத்தாகப் பிரித்து, ஒவ்வொரு பத்தையும் ஒரு தீர்த்தங்கரர் பெயரோடு மனத்தில் கட்டிக்கொண்டால் தடுமாற்றம் குறையும். அவசரமாக முடித்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்க வேண்டாம். குழுவை நடத்துபவர் "நமோ அரிஹந்தாணம்" என்று உரக்கச் சொல்லும்வரை அப்படியே இருங்கள்.

சளி பிடித்திருந்தால் முன்பே சொல்லிவிட்டு ஓரமாக அமருங்கள். சம்வத்சரியில் நடுவே தும்மல் கேட்டால், அதற்காகவே தனியாக ஒரு காவுசக்கம் செய்யும் வழக்கம் உண்டு. தும்மியவரைத் திட்ட மாட்டார்கள், ஆனால் நூறு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

மன்னிப்புக் கேட்பது

பிரதிக்ரமணத்துக்குள் போகும் முன் முடிக்க வேண்டிய வேலை இது. முடிந்தபின் நூறு பேருக்கு ஒரே படத்தை வாட்ஸாப்பில் அனுப்புவது பண்டிகை வாழ்த்து ஆகலாமே தவிர க்ஷமாபனை, அதாவது மன்னிப்புக் கேட்பது, ஆகாது.

ஏழாம் நாளுக்குள் ஒரு தாளில் பெயர்களை எழுதுங்கள். இந்த ஆண்டு உண்மையாகவே மனம் கசந்தவர்கள் மட்டும். மூன்று, நான்கு பேர் இருந்தாலே அதிகம். மிகவும் கடினமானவரிடம் முதலில் போங்கள், ஏனென்றால் எளியவர்களிடம் தொடங்கினால் நேரம் அவர்களோடு தீர்ந்துவிடும். நேரில் போவது சிறப்பு, முடியாவிட்டால் தொலைபேசி. "தெரிந்தோ தெரியாமலோ ஏதாவது செய்திருந்தால்" என்பது எல்லோருக்கும் பொதுவான வாசகம், சண்டை போட்டவரிடம் அது போதாது. "அன்று எல்லோர் முன்னாலும் உங்களை அப்படிப் பேசியது தவறு" என்று செயலைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். "ஆனால் நீங்களும்" என்று ஒரு சொல் வந்துவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். கடன் பாக்கி காரணமாக இருந்தால் பணத்தைக் கையோடு கொண்டுபோங்கள். உங்களிடம் யாராவது கேட்டால் "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்று தள்ளிவிடாமல், நீங்களும் கைகூப்பி மிச்சாமி துக்கடம் சொல்லுங்கள். வீட்டு வேலைக்கு வருபவர், காவலாளி, ஓட்டுநர் ஆகியோரை விட்டுவிடாதீர்கள். பெரியவர்தான் சின்னவரிடம் முதலில் கேட்க வேண்டிய இடங்கள் அவை.

மரபில் இதற்குச் சொல்லும் கதை சிந்து சௌவீர மன்னன் உதாயனனுடையது. உஜ்ஜயினியின் சண்டப்பிரத்யோதனைப் போரில் வென்று, நெற்றியில் இழிவுப் பச்சை குத்திச் சிறையாகக் கொண்டுவந்தான். வழியில் மழைக்காலம் வந்து, அங்கேயே தங்கியிருந்தபோது பர்யூஷண் வந்தது. உதாயனன் உபவாசம் இருப்பதைச் சமையற்காரன் சொன்னதும், உணவில் நஞ்சு வைத்துவிடுவார்களோ என்று அஞ்சிய பிரத்யோதன் தானும் உபவாசம்தான் என்றான். அவன் பயத்தில் சொன்னது உதாயனனுக்குத் தெரியும். ஆனாலும் தன்னைப்போல் நோன்பிருப்பவனைச் சிறையில் வைத்துக்கொண்டு தன் பிரதிக்ரமணம் எப்படித் தூய்மையாகும் என்று அவனை விடுவித்தான். நெற்றிக் குறி தெரியாதபடி பொற்பட்டையும் கட்டி, நாட்டையும் திருப்பிக் கொடுத்தான். சொல்லோடு நிற்காமல் பிடியையும் தளர்த்த வேண்டும் என்பதற்கு இந்தக் கதையை ஆண்டுதோறும் பிரசங்கத்தில் சொல்கிறார்கள்.

எதிர்த்தரப்பு மன்னிக்க மறுத்தால்? கேட்பது உங்கள் கடமை, கொடுப்பது அவர் பொறுப்பு. "காமேமி சவ்வ ஜீவே, சவ்வே ஜீவா கமந்து மே" என்ற பாட்டிலும் எல்லா உயிர்களையும் நான் மன்னிக்கிறேன் என்பதே முதல் அடி, எல்லா உயிர்களும் என்னை மன்னிக்கட்டும் என்பது அடுத்துத்தான் வருகிறது.

நோன்பை அளந்து எடுத்துக்கொள்வது

இனி நோன்பு. முதல் படி நவகார்சி: சூரிய உதயத்துக்குப்பின் 48 நிமிடம்வரை நீரும் இல்லை. சென்னையில் ஆகஸ்ட் கடைசியில் ஆறு மணி வாக்கில் உதயம் என்பதால் சுமார் 6.50வரை. மாலையில் சௌவிஹார்: அஸ்தமனத்துக்குப்பின் உணவும் நீரும் இல்லை. பியாசணா என்றால் நாளுக்கு இரண்டு வேளை, ஏகாசணா என்றால் ஒரே வேளை. இரண்டிலும் அமர்ந்த இடத்தைவிட்டு எழுந்தால் அந்த வேளை முடிந்தது. ஆயம்பிலும் ஒரு வேளைதான், ஆனால் பால், தயிர், நெய், எண்ணெய், சர்க்கரை, வெல்லம், காய், பழம் எதுவும் இல்லாத வேகவைத்த தானியமும் பருப்பும் மட்டும். உபவாசம் என்பது முந்தைய நாள் அஸ்தமனத்திலிருந்து நோன்பு நாளுக்கு மறுநாள் நவகார்சிவரை, சுமார் 36 மணி நேரம். பகலில் காய்ச்சிய நீர் மட்டும் குடிப்பது திவிஹார் உபவாசம், அதுவும் இல்லாதது சௌவிஹார் உபவாசம். இரண்டாவது வகை முதல் முறை வருபவர்களுக்கு வேண்டவே வேண்டாம். மூன்று நாள் தொடர்ந்தால் அட்டம், எட்டு நாள் அட்டாய், முப்பது நாள் மாசகமண்.

முதல் ஆண்டுக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம். எட்டு நாளும் நவகார்சியும் சௌவிஹாரும். மூன்றாம் நாள் ஒரு ஏகாசணா செய்து உடல் எப்படித் தாங்குகிறது என்று பார்ப்பது. தாங்கினால் எட்டாம் நாள் உபவாசம். தாங்காவிட்டால் எட்டாம் நாளும் ஏகாசணாவே. நண்பகலில் உண்டுவிட்டுத் தெளிவோடு பிரதிக்ரமணத்தில் உட்காரலாம். தினமும் காப்பி குடிப்பவர்கள் ஒரு வாரம் முன்பிருந்தே குறைத்துக்கொண்டு வர வேண்டும். முதல் உபவாசத்தில் வரும் தலைவலிக்குப் பெரும்பாலும் பசி காரணமில்லை, காப்பி நிறுத்தியதுதான் காரணம்.

சம்வத்சரிக்கு அட்டம்தானே விதி, ஒரு உபவாசம் போதுமா என்று கேட்பார்கள். விடை பிரதிக்ரமணத்துக்குள்ளேயே இருக்கிறது. அன்று ஆண்டுத் தவத்தை அறிவிக்கும்போதே மாற்றையும் சேர்த்துச் சொல்வார்கள்: மூன்று உபவாசம், அல்லது ஆறு ஆயம்பில், அல்லது ஒன்பது நீவி (பால், நெய் போன்றவை இல்லாத ஒரு வேளை உணவு), அல்லது பன்னிரண்டு ஏகாசணா, அல்லது இருபத்துநான்கு பியாசணா, அல்லது ஆறாயிரம் சூத்திர வரிகளை ஓதுதல். முடியாதவர்கள் பின்வரும் மாதங்களில் பியாசணாவாகப் பிரித்துச் செலுத்தலாம்.

எந்த நோன்பானாலும் பச்சக்காண் என்னும் உறுதிமொழி எடுத்துக்கொள்ள வேண்டும். குரு சூத்திரம் சொல்லி முடிவில் "பச்சக்காய்" என்னும்போது நீங்கள் "பச்சக்காமி" என்றும், "வோசிரய்" என்னும்போது "வோசிராமி" என்றும் சொல்ல வேண்டும். உறுதிமொழி எடுக்காமல் சாப்பிடாமல் இருப்பது வெறும் பசிதான் என்பார்கள். அந்தச் சூத்திரத்துக்குள்ளேயே விலக்குகளும் சொல்லப்பட்டிருக்கின்றன: மறந்துபோய் உண்பது, தானாக வாயில் ஏதாவது விழுந்துவிடுவது, பெரியோரின் ஆணை, உடல்நலம் கெட்டு மனச் சமநிலை குலையும் நிலை. மயங்கி விழும் நிலையில் மருந்து எடுத்தால் நோன்பு முறிந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பது அந்தச் சூத்திரத்தையே படிக்காததால் வருவது.

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கருவுற்றவர்கள், பாலூட்டும் தாய்மார்கள் மருத்துவரைக் கேட்காமல் உபவாசம் தொடங்கக் கூடாது. நிற்கும்போது கண் இருட்டுவது, தொடர் வாந்தி, சிறுநீர் மிகக் குறைந்துபோவது ஆகிய மூன்றில் ஒன்று வந்தாலும் நோன்பை அங்கேயே முடித்துவிடுங்கள்.

நீரும் அடுக்களையும்

நீரை முதலில் துணியில் வடிகட்டி, மூன்று முறை கொதி வரும்வரை காய்ச்சி, அகலப் பாத்திரத்தில் ஆறவிட்டு மூடி வைப்பார்கள். மழைக்காலத்தில் அது மூன்று யாமம்வரை, சுமார் ஒன்பது மணி நேரம்தான் செல்லும். காலை ஆறுக்குக் காய்ச்சியது பிற்பகல் மூன்றோடு சரி. முந்தின இரவு காய்ச்சி வைத்ததைக் காலையில் குடிப்பது அடிக்கடி நடக்கும் பிழை. உபவாசத்தில் நீர் எப்போது தொடங்கலாம் என்பதும் பச்சக்காணில் வரும். போர்சி (பகலின் முதல் யாமம் கழியும்வரை எதுவும் உட்கொள்ளாதது) எடுத்திருந்தால் காலை ஒன்பதுக்கு மேல். அதிலிருந்து அஸ்தமனத்துக்குள் இரண்டு, இரண்டரை லிட்டர் குடித்துவிட வேண்டும். ஒரே மூச்சாகக் குடித்தால் வாந்தி வரும். அரை மணிக்கு அரை டம்ளர் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வெங்காயம், பூண்டு, உருளை, கேரட், முள்ளங்கி, பச்சை இஞ்சி போன்ற மண்ணுக்கடியில் விளைவன எப்போதும் விலக்கு. பர்யூஷணில் பச்சைக் காய்களையும் கீரையையும் பெரும்பாலோர் நிறுத்திவிடுவார்கள். நம் சமையலுக்கு இங்கேதான் இடிக்கும்: கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் போய்விடும். சுக்கு, மிளகு, சீரகம், பெருங்காயம், உலர்ந்த மஞ்சள்தூள் போதும். பாசிப்பருப்பு, துவரம்பருப்பு, கடலை மாவு, அரிசி, கோதுமை, அப்பளம் ஆகியவற்றை வைத்து எட்டு நாளும் நன்றாகவே சமைக்கலாம். பழம் உண்டா என்பது வீட்டுக்கு வீடு மாறும். விருந்துக்கு அழைத்தால் கேட்டுவிட்டுச் சமையுங்கள்.

தமிழ் வீடுகளில் கவனிக்காமல் விடும் இரண்டு உண்டு. ஒன்று இட்லி மாவு. இரவு தங்கிய ஈரப் பண்டம் வாசி எனப்படும், அதில் நுண்ணுயிர் பெருகுவதால் கடைப்பிடிப்பவர்கள் உண்பதில்லை. அன்றே அரைத்து அன்றே வார்க்கும் அடையோ கோதுமை தோசையோ கொடுக்கலாம். மற்றது காய்ச்சாத தயிரோடு பருப்பு சேர்வது. இதைத் துவிதளம் என்பார்கள். தயிர்வடை முழுக்கவே இதில் மாட்டும். தயிரைத் தனியே நன்றாகச் சூடாக்கிவிட்டுப் பிறகு பருப்போடு சேர்த்தால் தடையில்லை. தட்டில் மிச்சம் வைக்காமல், உண்டபின் தட்டைக் கழுவி அந்த நீரையும் குடித்துவிடுவது வழக்கம். எச்சில் 48 நிமிடம் கிடந்தால் அதில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் உண்டாகும் என்பதே காரணம்.

எட்டு நாளில் என்னென்ன நடக்கும்

முதல் மூன்று நாள் காலைப் பிரசங்கம் பர்யூஷணின் ஐந்து கடமைகளைப் பற்றியது: உயிர்க்கொலை நிறுத்தம், சக சமணருக்கு உதவி, மன்னிப்பு, அட்டம் நோன்பு, ஊரிலுள்ள கோயில்களை வலம்வந்து வணங்கல். சமண ஆசாரியர் ஹீரவிஜயசூரியின் வேண்டுகோளை ஏற்று அக்பர் பர்யூஷண் நாட்களில் விலங்கு வதையைத் தடைசெய்து ஆணையிட்டது முதல் கடமையின்போது தவறாமல் வரும். அகமதாபாத்தில் இந்த நாட்களில் இறைச்சிக்கூடங்களை மூடியது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்திருக்கிறது.

நான்காம் நாள் கல்பசூத்திர வாசிப்பு தொடங்கும். ஐந்தாம் நாள் மகாவீரர் பிறப்புப் பகுதி. தாய் திரிசலை கண்ட பதினான்கு கனவுகளின் வெள்ளி உருவங்களை மேலிருந்து இறக்கிக் காட்டுவார்கள். ஒவ்வொன்றையும் இறக்கி மாலையிடும் உரிமைக்கு ஏலம் நடக்கும், தொகையை இத்தனை மணங்கு நெய் என்று கூவுவார்கள். நீங்கள் ஏலத்தில் பங்கெடுக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. நெரிசலும் நேரமும் அதிகம் ஆகும் நாள் இது, ஏகாசணா வைத்திருந்தால் உண்டுவிட்டுப் போங்கள். அன்று மகாவீரர் ஜெயந்தி என்று செய்திகளில்கூட எழுதிவிடுகிறார்கள். அது சந்திர நாட்காட்டியின் சைத்ர மாத வளர்பிறைத் திரயோதசியில் வருவது. ஐந்தாம் நாள் நடப்பது பிறப்பு வாசிப்பு மட்டும். எட்டாம் நாள் காலை, சுமார் 1200 சுலோக அளவுள்ள மூலம் முழுவதையும் பிராகிருதத்தில் நிறுத்தாமல் வாசிப்பார்கள்; அந்த அளவால்தான் பாரசா சூத்திரம் என்று பெயர். ஸ்தானகவாசிகளின் கூடங்களான ஸ்தானகங்களில் கல்பசூத்திரத்துக்குப் பதில், முக்தி அடைந்த 90 பேரின் வரலாறு சொல்லும் அந்தகட சூத்திரத்தை எட்டு வர்க்கங்களாக எட்டு நாளில் முடிப்பார்கள்.

வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பக்கத்துத் தமிழ்ச் சமணர்கள் திகம்பர மரபினர். அவர்களுடைய ஊரில் நீங்கள் விருந்தாளியாக இருந்தால் பார்ப்பது தசலட்சணம், திகம்பரர்களின் பத்து நாள் பண்டிகை. பொறை, பணிவு, நேர்மை, தூய்மை, வாய்மை, அடக்கம், தவம், துறவு, பற்றின்மை, பிரம்மசரியம் என நாளுக்கு ஓர் அறம். உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரத்தில் நாளுக்கு ஓர் அத்தியாயம். மன்னிப்புக் கேட்கும் க்ஷமாவாணி அனந்த சதுர்த்தசிக்குப் பிறகு வரும். ஆகவே அவர்களிடம் விநாயகர் சதுர்த்தியன்றே மிச்சாமி துக்கடம் சொன்னால் அவர்களுக்கு அப்போதுதான் பண்டிகை தொடங்கப்போகிறது.

பாரணா

சம்வத்சரிக்கு மறுநாள் நவகார்சி நேரம் வந்ததும் மூன்று நவகார் சொல்லி நோன்பை முடிக்கலாம்; இதுவே பாரணா. ஒரு நாள் உபவாசத்துக்கு முதலில் பாசிப்பயறு வேகவைத்து இறுத்த நீர் ஒரு டம்ளர், வெதுவெதுப்பாக, உப்பும் மிளகும் சேர்த்து. இருபது நிமிடம் கழித்துக் குழைந்த பயறோ கோதுமைக் கஞ்சியோ கால் வயிற்றுக்கு. பகலுக்குத்தான் சாதம். கூட்டுப் பாரணாவில் பூரியும் இனிப்பும் வரிசையாக வரும், அன்போடு ஊட்டிவிடவும் வருவார்கள். ஒரு வாய் வாங்கிக்கொண்டு கைகூப்பிவிடுங்கள். காலியான வயிற்றில் எண்ணெய்ப் பண்டம் இறங்கினால் பிற்பகலுக்குள் வயிற்றுவலியும் வாந்தியும் நிச்சயம்.

அட்டாய் முடித்தவருக்கு இன்னும் கவனம் தேவை. நீண்ட பட்டினிக்குப்பின் திடீரென அதிகம் உண்டால் இரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சரிந்து இதயத்துக்கே ஆபத்து வரலாம். முதல் இரண்டு நாள் பயறு நீர், நீர்த்த கஞ்சி என்று இரண்டு மணிக்கு ஒருமுறை சிறுசிறு அளவில் கொடுத்து, மூன்றாம் நாள் குழைந்த சாதம், அதன்பின்தான் வழக்கமான உணவு. மூச்சுத்திணறல், கால்வீக்கம், படபடப்பு வந்தால் உடனே மருத்துவமனை. அவரைப் பார்க்கப் போகிறவர்கள் இனிப்புப் பெட்டி எடுத்துப்போக வேண்டாம். "சுக சாதா" என்று நலம் கேட்டு, ஐந்து நிமிடத்தில் எழுந்து வந்துவிடுங்கள்.